கூழ் ஜாஸும் ஓவசியரின் சல்லிக் குவியலும்

மண்டபம் முழுக்கப் பெருமூச்சு விட்ட அந்தக் கணத்தில்தான் இதை எழுதிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. போன மாதம், உப்புவெளிக் கடற்கரையில் புதிதாய் எழும்பியிருக்கும் ஒரு ஹொட்டேலின் மேல்மாடி. கொழும்பிலிருந்து வந்த இசை ஆராய்ச்சிக் கலாநிதி ஒருவர் ‘திருகோணமலைக் கூல் ஜாஸ்: வரலாறும் பாணியும்’ என்று பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவில் எங்களுடைய பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டார். ரொட்னியின் ட்ரம்பெட் இரண்டு வரி வாசித்துவிட்டு நின்றது. நீளமான ஓர் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் எங்கேயோ தள்ளி ‘டங்’ என்று ஒரு சத்தம். பிறகு என்னுடைய கிளாரினெட், குசினிக்குள் நுழைகிற கள்ளப் பூனை மாதிரி, மெல்ல உள்ளே வந்தது.

கலாநிதி ஒலியை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். “கேட்டீர்களா? துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் ஒரு படகின் மணி. இந்த இளைஞர்களின் மௌனத்துக்குள் கடல் வந்து ஒரே ஒரு தடவை தட்டிவிட்டுப் போகிறது. கிழக்கின் அமைதி என்பது இதுதான்.”

அப்போதுதான் அந்தப் பெருமூச்சு.

அது மணி இல்லை. அது கல். பாலையூற்றில், ரொட்னி வீட்டுத் தகரக் கூரையில், பக்கத்து வீட்டு ஓவசியர் எறிந்த முக்கால் அங்குலச் சல்லிக்கல்.

எழும்பிச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எழும்பத்தான் பார்த்தேன். ஆனால் மேடையில், கலாநிதிக்குப் பக்கத்துக் கதிரையில், மடிப்புக் கலையாத புதுச் சட்டையோடு ரொட்னி இருந்தான். மணி என்று அவர் சொன்னபோது அவன் தலையாட்டினான். காரணம் இருந்தது. கலாநிதி எங்கள் மூன்று பேரையும் கொழும்புக்குக் கூட்டிப்போய் ஒரு முழு இசைத்தொகுப்பு பதிவு செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பப் போகிறார். பெயர்கூட வைத்தாயிற்று: ‘அமைதி’. ரொட்னிக்கு அது வேண்டும். எனக்கும் வேண்டும்தான், அதில் பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்தக் கல்லை மணி என்று சொல்லிக்கொண்டு வேண்டுமா என்பதுதான் அன்றிலிருந்து எங்களுக்குள் எழும்பிய சண்டை.

நினைவோடை எழுத எனக்கு வயது காணாது. எனக்கே தெரியும். முப்பதுகூட ஆகாத ஒருத்தி ‘அந்தக் காலத்தில்’ என்று தொடங்கினால் நீங்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள். சிரியுங்கள். எங்கள் இசை இயக்கம் பிறந்து, வளர்ந்து, செத்து, ஆராய்ச்சிக் கட்டுரையும் ஆகிவிட்டது. இதற்குமேல் நான் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

அந்த மண்டபத்தில் எலுமிச்சம்புல் வாசம் தெளித்திருந்தார்கள். சுத்தமான, பணக்கார, ஒன்றுமே நடக்காத வாசம். எனக்கு இசை என்றால் தையல் மெசின் எண்ணெய் மணக்க வேண்டும். ரொட்னியுடையது போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிக் குடும்பம்; அவன் அப்பா கலியாண வீடுகளில் பைலா ஆட்டப்பாட்டு வாசித்த ட்ரம்பெட் அது. அவர் போனபிறகு அவனுக்கு வந்தது. விரலால் அமுக்குகிற அதன் மூன்று கட்டைகளும் அடிக்கடி இறுகிப்போகும். அதற்கென்று விற்கிற எண்ணெய் எங்கள் ஊரில் கிடையாது. அன்ரி, அதாவது ரொட்னியின் அம்மா, தன் தையல் மெசின் எண்ணெய்க் குப்பியை நீட்டுவா. அவனும் கட்டைக்கொரு சொட்டு விடுவான். அவன் ஊதும்போது அந்த எண்ணெய் சூடாகி அறை முழுக்கப் பரவும். இன்றைக்கும் தையல்கடை ஒன்றைக் கடந்தால் எனக்கு விரல் துடிக்கும்.

அந்த அறைக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்றால், எல்லாம் என்னுடைய அவசரக் குணத்தால். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மாதங்கள். பள்ளிக்கூட பாண்ட் வாத்தியக் குழுவில் வாசித்த கிளாரினெட்டைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல், கேட்கும்வரை வைத்திருப்போம் என்று வைத்திருந்தேன். ஒருநாள் தொலைபேசியில் எதையோ தேடப்போய் கூல் ஜாஸ் அகப்பட்டது. அதற்கு முன் ஜாஸ் என்றால் வேர்த்து வழிய ஊதுகிறது என்று நினைத்திருந்தேன். இது வேறு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபிறகு அமெரிக்காவின் மேற்குக் கரையில், கடலும் வெயிலும் உள்ள ஊர்களில், சிலபேர் ஜாஸின் சூட்டைத் தணித்திருந்தார்கள். ஒலியை நடுங்கவிடாமல் நேராகப் பிடித்தார்கள். மேளத்தைத் தடியால் அடிக்காமல் கம்பித் தூரிகையால் தடவினார்கள். சில குழுக்களில் பியானோகூட இல்லை. ஒருவர் வரி முடிகிற இடத்தில் மற்றவர் வேறு வரியைக் கொண்டுவந்து பின்னுவார், அவ்வளவுதான். இதில் சூடில்லை, இரத்தமில்லை, படித்த பொடியன்களின் விளையாட்டு என்று அப்போதே திட்டியவர்களும் இருந்திருக்கிறார்கள். திட்டு வாங்கியது என்று வாசித்ததும் எனக்கு இன்னும் பிடித்துவிட்டது.

அடுத்த நாளே சைக்கிளை மிதித்துக்கொண்டு பாலையூற்றுக்கு ஓடினேன். விளையாட்டுப்போட்டி அணிவகுப்புகளுக்கு எல்லாப் பள்ளிக்கூட பாண்டும் ஒன்றாய்ப் பழகும்போது ரொட்னியைத் தெரியும். அவன் கேட்டுவிட்டுச் சொன்ன முதல் வசனம்: “ஏன் இவங்கள் நித்திரை தூங்கி வாசிக்கிறாங்கள்?”

“நித்திரையில்லை. அடக்கி வாசிக்கிறது.”

“அடக்கி வாசிக்க ஆர் இவங்களை வெருட்டினது?”

பகிடிக்குத்தான் கேட்டான். பதில் மதிலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது.

மூன்றாவது ஆளாய்ச் சஜீவனைப் பிடித்தோம். சல்லிக் கிராமத்துக்காரன், கோயிலில் மிருதங்கம் வாசிப்பவன். வாய் அடங்காது. “சம்பளம் இல்லாத வேலை எண்டா எனக்குச் சொல்லுங்கோ, நான் முதல் ஆளா வருவன்,” என்று வந்தான்.

ரொட்னி வீட்டுக் குசினியை ஒட்டி ஒரு தகரக் கொட்டில் அறை. விறகும், உடைந்த அலுமாரியும், நாங்களும். சுவரைத் தாண்டி மதில். மதிலைத் தாண்டி ஓவசியர் வீடு. கட்டட வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்றவர். அவரை ஐயா என்று எழுதுவது தமிழ் மரியாதை. எழுத மாட்டேன். ‘அவர்’ என்று ‘ர்’ போடுகிறேனே, அதுவே பெரிய காரியம். தன் வீட்டுக்கு மேல்மாடி கட்டவென்று ஒரு லொறிச் சல்லி இறக்கி முற்றத்தில் குவித்து வைத்திருந்தார். மேல்மாடி வரவில்லை. குவியல் கிடந்தது. கல்லைத் தேடி அலைய வேண்டிய கஷ்டம் அந்த மனிதருக்கு இருக்கவில்லை.

முதல் நாள் நாங்கள் சத்தமாகத்தான் தொடங்கினோம். இரண்டு நிமிடம் போயிருக்கும். டங். கல் தகரத்தில் விழுந்து, உருண்டு, மழைத்தண்ணீர்ப் பீலிக்குள் போய் நின்றது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். மதிலுக்கு மேலே ஒரு தலை.

“என்ன, ஆரும் செத்துப்போச்சினமோ? பறை மட்டும்தான் குறை.”

“பழகுறம் ஐயா,” என்றேன். அன்றைக்கு ஐயா போட்டேன், அறியாத காலம்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீர் ஆரின்ர பிள்ளை? பொம்பிளைப் பிள்ளைக்கு ஊத வேணுமெண்டா வீட்டில அடுப்பிருக்கு. போய் ஊதும்.”

“எங்கட வீட்டில காஸ் அடுப்பு.”

சஜீவன் சிரித்த சத்தத்துக்கு அடுத்த கல் வந்தது. “என்ர ஊரையெல்லோ தூக்கி எறியிறார்,” என்றான். சல்லி என்று ஊர்ப்பெயர் வைத்தவர்களுக்கு நன்றி. அந்தப் பகிடி அதற்குப் பிறகு பலநாள் எங்களுக்குச் சோறு போட்டது. அன்ரி குசினிக்குள்ளிருந்து வந்து கதவில் நின்றா. மதில் பக்கம் பார்க்கவேயில்லை. “மெல்ல வாசியுங்கோ பிள்ளையள்,” என்றா. அவ்வளவுதான்.

மெல்ல வாசித்தோம். எங்கள் பாணியின் வரலாறு இதுதான், கலாநிதிமார் குறித்துக்கொள்ளலாம்.

ட்ரம்பெட்டின் வாயை அடைக்க வேண்டும். முதலில் துவாயைத் திணித்தான்; தடிமன் பிடித்த ஆடு மாதிரி இருந்தது. பிறகு அன்ரியின் குசினியிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டை. கண் திறந்த பாதியைப் பிடித்தால் ஒரு விதம், மற்றப் பாதியைப் பிடித்தால் வேறு விதம். கண் திறந்த சிரட்டையால் ஊதினால், பூட்டிய அறைக்குள் ஒருவன் தன்னோடு தானே கதைப்பது போல ஒரு குரல் வரும். ‘கிழக்குக் கரையின் தனித்த தொனி’ என்று கலாநிதி இதைத்தான் சொன்னார். மிருதங்கத்தை அந்த அறையில் தொடவே ஏலாது. ஒரு பழைய சூட்கேசின் மேல் உரப்பையை இழுத்துக் கட்டி, ஈர்க்குக் கட்டொன்றால் சஜீவன் அதைத் தடவினான். முற்றம் கூட்டுகிற சத்தம்தான். முற்றம் கூட்டுகிறதுக்கு யாரும் கல்லெறிய மாட்டார்களே. என் கிளாரினெட்டில் மேல் சுரங்கள் மதிலைத் தாண்டும் என்று கண்டோம். ஆகவே நான் கீழேயே கிடந்தேன். வருடக்கணக்காகக் கீழே. வாத்தியத்துக்கு மேல்பாதி ஒன்று இருக்கிறதென்பதே எனக்கு மறந்துவிட்டது.

அந்தப் புகழ்பெற்ற இடைவெளிக்கு வருவோம். ஓவசியரிடம் ஒரு முறை இருந்தது. ஒரு கல் எறிவார். எறிந்துவிட்டு மதிலடியில் நின்று கேட்பார். சத்தம் நின்றுவிட்டால் செருப்பை இழுத்துக்கொண்டு உள்ளே போவார். ஆகவே நாங்கள் இரண்டு வரி வாசித்துவிட்டு நிற்பதென்று வைத்துக்கொண்டோம். நின்று காது கொடுப்போம். கல் விழுந்தால், செருப்புச் சத்தம் போகும்வரை நிற்போம். விழாவிட்டால் இனி விழுமோ என்று நிற்போம். ரொட்னி கண்ணால் காட்டுவான். நான் மூச்சை எடுத்து மெல்லத் தொடங்குவேன். அந்த நிற்கிற நேரத்தில் எங்கள் மூன்று பேருக்கும் மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டால் சொல்கிறேன்: அமைதி ஓடவில்லை. நான் அந்த மனிதரின் சாறம் நடுச்சந்தியில் அவிழ வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஊதினால் ஒலி நடுங்காது, பரிசோதித்துப் பாருங்கள். மேற்குக் கரைக்காரர் எப்படிச் சாதித்தார்களோ தெரியாது. நாங்கள் இப்படித்தான் சாதித்தோம்.

ஒரு மழைக்காலத்தில் குவியல் நன்றாகக் குறைந்துவிட்டது. எங்களுக்குள் பெரிய சந்தோஷம். பிறகொரு காலை லொறிச் சத்தம் கேட்டது. அந்த மனிதர் இன்னொரு லோட் இறக்கியிருந்தார். வீடு கட்டத்தான் என்று அயலுக்குச் சொன்னார்.

இனிக் கூழ்க் கதை. இப்போது அந்த ஹொட்டேல் நிற்கிற இடத்தில் அப்போது ஒரு விருந்தினர் விடுதி இருந்தது. வெள்ளைக்காரருக்கு அலைச் சத்தம் கேட்க வேண்டும், அதற்கு மேல் போகாத இசை வேண்டும் என்று அதன் சொந்தக்காரர் தேடிக்கொண்டிருந்தார். அலையைவிடச் சின்னதாய் வாசிக்க இந்தத் தீவிலேயே எங்களை விட்டால் யார்? ஒப்புக்கொண்டோம். ‘கூல் ஜாஸ், கடற்கரையில், ஞாயிறு பின்னேரம்’ என்று ஒரு துண்டில் எழுதி, சஜீவனுக்கு மாமா முறையான ஒரு பெயின்டரிடம் விளம்பரப் பலகை எழுதக் கொடுத்தோம். அவர் தமிழில் கவனமான ஆள். கூல் என்பதைப் பார்த்துவிட்டு, பாவம் பிள்ளைகளுக்கு எழுத்துப் பிழை என்று அவரே திருத்தி விட்டார். ‘கூழ்’ என்று, சுற்றிவரப் பூ வேலைப்பாட்டோடு. ஜாஸ் என்பதை ஏதோ கம்பனிப் பெயராக்கும் என்று சின்னதாய்க் கீழே போட்டிருந்தார். அந்தப் பலகை வீதியில் ஏறிய பிறகுதான் நாங்கள் கண்டோம். “இப்ப அழிச்சா இன்னும் வடிவில்லாமல் போகும்,” என்று சஜீவன் மாமாவுக்காக வாதாடினான்.

ஞாயிறு பின்னேரம் வெள்ளைக்காரர் நாலைந்து பேர். அவர்களுக்குப் பின்னால் கரைவலைக்காரர் குடும்பம் குடும்பமாய். சில பேரின் கையில் சட்டி. ஒரு அம்மா கூழ் குடிக்கிற பிளாக்களைப் பனையோலையில் கோலி அடுக்கி மடியில் வைத்திருந்தா. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்கள் இசை சனத்திடம் போய்விட்டதென்று ரொட்னியிடம் சொன்னேன். அவன் சட்டிகளைப் பார்த்தான்.

இரண்டு வரி வாசித்து நின்றோம். அந்த இடைவெளிக்குள் ஒரு குரல்: “கூழ் எப்ப வரும்?”

சனம் சிரித்தது. அடுத்த இடைவெளியில், இன்னொருவர்: “தம்பி, நண்டு போட்டதோ, மீன் மட்டுமோ?”

மூன்றாவது இடைவெளியில் சிரிப்பு இல்லை. “கூழெண்டு கூப்பிட்டிட்டு ஊதிக் காட்டுறீங்களோ? எங்களைப் பாத்தா உங்களுக்கு விசரர் மாதிரித் தெரியுதோ?”

சஜீவன் எழுந்து நின்றான். “அண்ணை, இது ஆறின கூழ். ஆறினதை ஆறுதலாத்தான் குடிக்க வேணும்.” அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். முதல் பிளா ரொட்னியின் காதடியால் போனது. விடுதிக்காரர் ஓடி வந்து, எல்லோருக்கும் சோடா கொடுத்து, எங்களைப் பின்வாசலால் அனுப்பினார். பலகையின் கீழ்ப்பாதியை மறுநாள், ஊர் வீதிகளில் மாடு மாதிரித் திரிகிற மான்கள் மென்றுகொண்டு நின்றனவாம். பெயின்டர் மாமா பசை போட்டு ஒட்டின கடதாசிப் பூக்கள் அதிலிருந்தன. டவுனில் மானும் எங்களுக்கு விரோதம் என்று சஜீவன் கணக்கில் சேர்த்துக்கொண்டான். அதற்குப் பிறகு எங்களுக்குள் அந்த இசைக்குக் கூழ் என்றே பெயர். “பின்னேரம் கூழ் இருக்கோ?” “ஓம், இருக்கு.”

கலாநிதி இந்தப் பெயரையும் விடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இங்கே வந்து எங்களைக் கேட்டு, பேட்டி எடுத்து, “உங்களுடைய மௌனம் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டவர் அவர். ரொட்னி அன்றைக்கு நேராய்த்தான் பதில் சொன்னான்: “பக்கத்து வீட்டிலயிருந்து.” அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதை எழுதிக்கொள்ளவில்லை. போன மாதப் பேச்சில் கூழுக்கு அவர் கொடுத்த விளக்கம் இது: நண்டும் மீனும் ஒடியல் மாவும் ஒரே பானையில் கொதிப்பதுபோல, மூவின மக்களும் ஒன்றாய் இளகிய கிழக்கின் இசை. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி கண்ணைத் துடைத்தா. பெயின்டர் மாமா மண்டபத்தில் இருந்திருந்தால் அவரும் துடைத்திருப்பார், வேறு காரணத்துக்கு.

பேச்சு முடிந்ததும், மோட்டார் சைக்கிள்கள் நிற்கிற இடத்தில் ரொட்னியைப் பிடித்தேன். சஜீவன் நடுவில் நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, உதவும் என்று.

“மணியோ?” என்றேன்.

“மணியெண்டா மணியா இருக்கட்டும். உனக்கென்ன குறையுது?”

“அது ஓவசியர் உன்ர கூரைக்கு எறிஞ்ச கல்.”

“எனக்குத் தெரியாதே? நான்தானே கூரைக்குக் கீழ இருந்தனான்.”

“பிறகென்னத்துக்குத் தலையாட்டினனீ?”

“கழுத்து நொந்தது.”

சஜீவன் ஹெல்மெட்டுக்குள் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. “அந்தாள் எங்கட வரலாற்றைக் கழுவி வெள்ளையடிக்கிறார். நீ பக்கத்தில இருந்து வாளி பிடிக்கிறாய்.”

ரொட்னி சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டான். “கல்லெறிக்குள்ள வாசிச்சனாங்கள் எண்டு நீ எல்லா இடமும் சொல்லுவாய். உனக்கு அது நல்ல கதை. பெருமை. கல் விழுந்தது ஆரின்ர வீட்டில?”

“எங்களுக்குத்தானே எறிஞ்சவர்.”

“எங்களுக்கோ?” குரலை உயர்த்தவேயில்லை, அவன் உயர்த்த மாட்டான். “நீ கிளாரினெட்டத் தூக்கிக்கொண்டு வாறதுக்கு எவ்வளவோ முதல் அந்தாள் எறியத் தொடங்கிட்டார். நத்தார் பண்டிகைக்கு அப்பா ட்ரம்பெட் எடுத்தா எறிவார். மாமாவையள் வந்து வயலின் வாசிச்சா எறிவார். பறங்கியளுக்கு ஆட்டமும் குடியும்தான் எண்டு மதிலுக்கு மேலால சொல்லுவார். அப்பான்ர செத்த வீட்டிலயும் ஒண்டு விழுந்தது. அம்மா ஒருநாளும் வாய் திறக்கேல்ல. நீங்கள் வந்தாப் பிறகு அம்மா எனக்கு என்ன சொன்னவ தெரியுமே? ‘இப்ப அவர் பாட்டுக்கு எறியிறார் மகன், எங்களுக்கில்லை.’ அவவுக்கு அது ஆறுதல். நீ அதை மேடையில ஏறிச் சொல்ல, அவ முன் கதிரையில இருந்து கேக்க வேணுமோ?”

சஜீவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். எத்தனை பின்னேரம் அந்த அறையில் இருந்திருக்கிறேன். அன்ரி மதில் பக்கம் திரும்பிப் பார்க்காததை நான் பயம் என்று நினைத்திருந்தேன். அது பழக்கம். என் மனதில் ஓவசியர் மேலிருந்த வெறுப்பு அதுவரை ஒரு பகிடி வெறுப்பு; சாறம் அவிழ வேண்டும் என்கிற அளவு. உப்புவெளியிலிருந்து வீட்டுக்குச் சைக்கிள் மிதித்த அந்தப் பின்னேரம்தான் அது உண்மையான வெறுப்பானது. இன்றுவரை ஆறவில்லை. ஆற வைக்கிற நோக்கமும் இல்லை.

ரொட்னியும் நானும் கொஞ்ச நாள் கதைக்கவில்லை. நான் இதை எழுதத் தொடங்கிவிட்டேன் என்பது உட்பட, சஜீவன் இரண்டு பக்கமும் தகவல் கொண்டு திரிந்தான், தன் சொந்தச் சரக்கையும் சேர்த்து. அவன் சொன்னதை நம்பினால் நாங்கள் இருவரும் ஆளையாள் கேட்டு அழுதுகொண்டிருந்தோம். பிறகு ஒருநாள் ரொட்னியே தொலைபேசியில் எடுத்தான்.

“கலாநிதியோட கதைச்சனான்,” என்றான். “மணி எண்டு சொல்லாதேங்கோ, அது கல், அதைப் பற்றி ஒண்டும் சொல்லாமல் விடுங்கோ எண்டு கேட்டனான்.”

“என்ன சொன்னவர்?”

“‘அப்படியா தம்பி, கவலைப்படாதீர்கள். அந்தச் சத்தத்தையே எடுத்துவிடலாம். மௌனம் இன்னும் சுத்தமாக இருக்கும்.’ கம்பியூட்டரில துடைக்கிறாராம்.” ட்ரம்பெட் கட்டைகளை அவன் அமுக்கி அமுக்கி விடுகிற ‘டக் டக்’ எனக்குக் கேட்டது. “நான் வெளியில சொல்லுறதில்லை எண்டு இருந்தனான். அது என்ர விருப்பம். துடைக்க அவர் ஆர்?”

“நான் எழுதுறது அன்ரிக்குத் தெரியுமே?”

“கேட்டனான். கல் விழுந்ததெண்டு உன்னை எழுதச் சொன்னவ. அவ அழுததெண்டு எழுத வேண்டாமாம். அழேல்லையாம்.”

அழவில்லை. இதோ எழுதிவிட்டேன்.

‘அமைதி’ இசைத்தொகுப்புக்கு வர ஏலாது என்று கலாநிதிக்குச் சொல்லிவிட்டோம். அந்த ஒலிப்பதிவைப் பாவிக்கவும் அனுமதி இல்லை என்றோம். அவர் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: “தங்கச்சி, கோபம் கூல் ஜாஸுக்கு ஆகாது.” இவ்வளவு ஆராய்ந்தும் இந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லையே என்று இருந்தது. எங்களிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கலாநிதி எங்களைக் கேட்ட காலத்தில் அந்த இடைவெளி ஏற்கெனவே செத்துவிட்டது. ரொட்னியின் மாமாமார் காசு அனுப்பி, தகரத்தைக் கழற்றிக் கொங்கிறீற் போட்டார்கள்; மழை பெய்தால்கூட உள்ளே கேட்காது. ஓவசியர் ஒருவழியாக மேல்மாடியைக் கட்டினார். குவியல் முழுக்க அதற்குள் போய்விட்டது. கட்டி முடித்த கையோடு கனடாவிலிருக்கும் மகளிடம் போய்ச் சேர்ந்தார். மேல்மாடியில் இப்போது வாடகைக்கு இருப்பவர்கள் நல்ல சனம். எங்களைக் கண்டால் கையசைப்பார்கள். கனடாக் குளிருக்குள் ஓவசியர் இப்போது யார் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாரோ தெரியாது, நன்றாக இருக்கட்டும் என்று எழுத என் கை மறுக்கிறது. விடுதியைச் சொன்னேனே, இடித்துவிட்டார்கள். சஜீவனின் சூட்கேஸ் அவன் அண்ணனோடு கட்டாருக்குப் போனது. சட்டி பானை எல்லாம் போட்டு, உரப்பை கட்டின அடையாளத்தோடு. எல்லாம் போன பிறகும் நாங்கள் இரண்டு வரி வாசித்துவிட்டு நின்றோம். எதற்கு நிற்கிறோம் என்று எங்களுக்கே தெரியவில்லை. காது கொடுக்க ஒன்றும் இல்லாமல் காது கொடுத்தோம். இரண்டு வருடத்துக்கு மேலாக அந்த இடைவெளியை நடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். கலாநிதி நேரில் கேட்டு உருகியது அந்த நடிப்பில்தான். இதைச் சொன்னபோது ரொட்னி மறுக்கவில்லை. “எனக்கும் வாசிக்கேக்க வெக்கமாத்தான் இருந்தது,” என்றான்.

இனி நிற்பதில்லை என்று முடிவு. வருகிற சனிக்கிழமை பின்னேரம், பாலையூற்றில், கதவு யன்னல் எல்லாம் திறந்துவிட்டு, நாங்களே பதிவு செய்யப் போகிறோம். சஜீவன் மிருதங்கத்தைக் கொண்டுவருகிறான். ரொட்னி ஒன்றையும் அடைக்காமல் ஊதுவான். நான் இவ்வளவு காலமும் தொடாத மேல் சுரங்களைத் தொட வேண்டும். இப்போதைக்கு அவை கதவிடுக்கில் வால் அகப்பட்ட பூனை மாதிரி இருக்கின்றன. அன்ரி முற்றத்தில், மதில் பக்கம் பார்த்துக் கதிரை போட்டு இருக்கப் போகிறாவாம், தானே சொன்னா. முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம்வரை ஓரிடத்திலும் இடைவெளி இல்லாத ஒரு வாசிப்பு.

நேற்று ஒருமுறை முயன்று பார்த்தோம். பாதிக்குமேல் போக முடியவில்லை. இத்தனை வருடமும் கல்லுக்காக நின்றபோதெல்லாம் மூச்சும் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அது இப்போதுதான் தெரிகிறது. “மாறி மாறி எடுங்கோ,” என்கிறான் சஜீவன், ஊத வேண்டிய அவசியம் இல்லாதவன். ரொட்னி எடுக்கும்போது நான் ஊத வேண்டும், நான் எடுக்கும்போது அவன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு முட்டினால் என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை.